தொட்டியில் ஊறிய கோடாலிகள்

பழனி ரோடு விறகு டிப்போவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஐந்து பேருக்கும் எழுதுவது. என் பெயர் சவரிமுத்து. உங்களுக்கு என்னைத் தெரிய வாய்ப்பில்லை. நீங்கள் இப்போது நிற்கும் அதே மண்ணில் பதினெட்டு வருஷம் கோடாலி போட்டவன். இந்த ஊர்க் கல்யாண மண்டபங்களுக்கும் பிரியாணிக் கடைகளுக்கும் போன விறகில் பாதி என் கை பட்டுத்தான் போனது என்று பீற்றிக்கொள்ளலாம். எனக்கு அதில் மனசில்லை.

போன வாரம் வெந்நீர் அடுப்புக்கு விறகு வாங்க வந்தபோது உங்கள் மேஸ்திரி பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க பழைய ஆளு. புதுசா வந்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றார். சொல்லலாம் என்றுதான் உள்ளே வந்தேன். வடக்கு மூலைவரை போனேன். அங்கே உங்களில் ஒருவர் சொன்னதைக் கேட்டதும் வாங்க வந்த விறகையும் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். வாயால் சொல்லத் தெம்பில்லாததால் எழுதுகிறேன். பத்தாவதுவரை படித்த கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் பிளப்பது என்று நான் விரிவாகச் சொல்லப் போவதில்லை. அதைக் கட்டையே சொல்லிக்கொடுக்கும். கட்டையின் வெட்டு முகத்தைப் பாருங்கள், காய்ந்த கட்டையில் கீறல் ஓடியிருக்கும், அந்தக் கீறலில் போடுங்கள். முடிச்சு இருந்தால் அதை அடியில் இருக்கும்படி நிறுத்துங்கள். நடு நெஞ்சில் அடித்துப் பிளக்காத கட்டை ஓரத்தில் அடித்தால் தோல் உரிவதுபோல விட்டுக்கொடுக்கும். இதெல்லாம் ஒரு மாசத்தில் வந்துவிடும். எப்போது கோடாலியைக் கீழே வைக்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு வரவே இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் காகிதம்.

எனக்கு அகரம் சொந்த ஊர். கிணறு வற்றி, வைத்திருந்த பூச்செடியெல்லாம் காய்ந்த பிறகு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டவுனுக்கு வேலை தேடி வந்தேன். நான் சேர்ந்த அதே வாரம் சித்தையன்கோட்டையிலிருந்து கருப்பையா என்று ஒருத்தன் வந்து சேர்ந்தான். என் வயசுதான். ஆள் ஒல்லி. பார்த்தால் கோடாலியைத் தூக்குவானா என்று சந்தேகம் வரும்.

மூன்றாம் நாளே எனக்கு அடி விழுந்திருக்க வேண்டும். நெட்டுக்குத்தாக நின்று முழுப் பலத்தோடு ஓங்கினேன். கட்டையின் விளிம்பில் பட்டு வழுக்கிய கோடாலி வளைந்து என் காலை நோக்கி வந்தது. கைலியின் மடிப்பைக் கிழித்துக்கொண்டு மண்ணில் இறங்கியது. முழங்காலுக்குக் கீழே ஒரு விரல்கடை இடைவெளி. நான் கிழிந்த கைலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், கருப்பையா தன் கோடாலியை வைத்துவிட்டு வந்தான்.

"மாப்ள, கோடாலி குனிஞ்சு கும்பிடு போடுது, நீ வெறைச்சுக்கிட்டு நிக்கிறியே. அது எறங்கும்போது நீயும் எறங்கணும்ல. முழங்கால மடக்கு. அப்பத்தான் நேரா கட்டையில போயி விழும், ஒன் காலத் தேடி வராது."

எங்களுக்குள் எந்த உறவும் இல்லை. நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன், அவன் கருப்புசாமிக்கு நேர்ந்துவிட்டவன். அன்றிலிருந்து நாங்கள் மாப்ள மாப்ளதான். என் இரண்டு காலும் இன்றைக்கு என்னோடு இருப்பது அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையால். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அவனிடம் ஒரு குணம் இருந்தது, முதலாளிக்கே எரிச்சல் வரும். சில கட்டைகளை எடுத்துப் புரட்டிப் பார்ப்பான், ஓரமாக உருட்டிவிடுவான். ஒரு தடவை சாலையோரத்தில் விழுந்த புளியமரத்தின் தூர்க்கட்டை வந்தது. நார் முறுக்கிக்கொண்டு நாலா பக்கமும் ஓடுகிற கட்டை. அவன் அதைத் தள்ளிவிட்டான்.

"இது ரம்பத்துக்குங்க முதலாளி. கோடாலிக்கு இல்ல."

"கட்டைக்குப் பயந்தவனெல்லாம் என்னத்துக்குடா இங்க வாரீங்க?"

"பயந்துக்கிட்டேதான் முதலாளி பொளக்குறேன். பயமில்லாம எப்படிங்க பொளக்குறது?"

எல்லாரும் சிரித்தோம். ரோஷம் வந்த இன்னொரு ஆள் அந்தக் கட்டையில் கோடாலியை இறக்கினார். இறங்கியது, வரவில்லை. ஆத்திரத்தில் கோடாலியின் முதுகில் சம்மட்டியால் ஓங்கி அடித்தார். இரும்போடு இரும்பு மோதினால் சில்லுத் தெறிக்கும். தெறித்த சில்லு அவர் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஏறி நின்றது. கொஞ்சம் மேலே போயிருந்தால் கண் போயிருக்கும். கருப்பையா அவருக்குத் துணியைக் கட்டிவிட்டானே தவிர, நான் அப்பவே சொன்னேன் பார்த்தியா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு கட்டையைத் தள்ளிவைப்பதில் கேவலம் எதுவும் இல்லை என்று அன்றைக்கு நான் மனசுக்குள் ஒத்துக்கொண்டேன். மனசுக்குள் ஒத்துக்கொள்வது ரொம்பச் சுலபம்.

இப்போது தொட்டிக்கு வருகிறேன். வடக்கு மூலையில் பைப்புக்குப் பக்கத்தில் இருக்கிற சிமெண்ட் தொட்டி உங்களுக்குத் தெரியும். நாங்கள் சேரும்போதே அந்தப் பழக்கம் இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் எல்லாக் கோடாலிகளையும் தலைகீழாகத் தொட்டித் தண்ணீரில் போடுவோம். இரும்புக்குள் இருக்கிற மரக்காம்பு ராத்திரி முழுக்க ஊறி உப்பிவிடும். காலையில் ஆட்டிப் பார்த்தால் கொஞ்சமும் அசையாது. எல்லா ஊரிலும் எல்லாரும் செய்வதுதான். அதில் தப்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

நாகல்நகரில் எங்களுக்குக் காம்பு போட்டுக்கொடுத்த ஆசாரி ஒருத்தருக்குத் தோன்றியிருந்தது. பேச்சுக் குறைந்த மனிதர், பெயர்கூட நான் கேட்டதில்லை. ஒருநாள் என் கோடாலியைக் கையில் வாங்கி, காம்பு நுழைகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தண்ணியில போடுறியா?"

"ஆமாங்க. டெய்லி."

"போடாதய்யா. ஊறுன மரம் உப்பப் பாக்கும், இரும்பு விடாது. உள்ளுக்குள்ளயே நசுங்கிக்கிரும். வெயில்ல காஞ்சதும் மொதல்ல இருந்ததவிட சிறுத்துப் போகும். மறுபடி ஊறப்போடுவ, மறுபடி சிறுக்கும். நல்லாக் காஞ்ச காம்பாப் போட்டு, ஆப்பு வச்சு இறுக்கி, எண்ணெயத் தடவி நெழல்ல தொங்கவிடு. தண்ணிப் பக்கமே கொண்டுபோகாத."

நான் அதை டிப்போவில் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாண சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாக் கோடாலிக்கும் புதுக் காம்பு போடவேண்டும் என்றால் வேலை நாலு நாள் நிற்கும். அதோடு, இத்தனை வருஷப் பழக்கத்தை நேற்று வந்த நான் தப்பு என்று சொன்னால் "பெரிய இவரு" என்று கேலி பேசுவார்கள். வைகாசி முடியட்டும், ஆனியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கருப்பையாவிடமாவது சொல்லியிருக்கலாம். அவன் கட்டாயம் கேட்டிருப்பான். பெரும்பாலும் அவன்தான் கடைசியாகக் கிளம்புவான், கோடாலிகளைத் தொட்டியில் போடுவதும் அவன்தான்.

அந்த நாள் வைகாசியில் ஒரு பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு மண்டபத்துக்கு விறகு போகவேண்டும். சமையல்காரருடைய ஆள் டெம்போவோடு வந்து பத்து மணியிலிருந்து நிற்கிறார். பாவம், நல்ல மனிதர், ஆனால் கால் மணிக்கு ஒரு தடவை வந்துவிடுவார்.

"ஏனுங்க, இன்னும் எவ்வளவு நேரமுங்க ஆகும்? சாயங்காலம் பந்தி இருக்குதுங்க. அடுப்பு பத்த வெக்கோணுமுங்க."

உச்சிவெயில். தரையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. டிப்போவில் இருப்பது ஒரே ஒரு வேப்பமரம், அதற்கு அந்த நேரத்தில் ஒரு பாய் அகலத்துக்குத்தான் நிழல். கருப்பையா அங்கே தன் அடிக்கட்டையைப் போட்டு, அதன்மேல் விறகை நிறுத்திப் பிளந்துகொண்டிருந்தான். நான் என் அடிக்கட்டையை உருட்டிக்கொண்டு அதே நிழலுக்குப் போனேன். இடம் இருந்தது அவனுக்கு நேர் எதிரே மட்டும்தான்.

கோடாலி போடுகிறவனுக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது. உங்களுக்கும் இதைச் சொல்லியிருப்பார்கள். எங்களுக்கும் தெரியும். கருப்பையா தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"ஏலே மாப்ள, நேருக்கு நேரா வேணாம்ல. செத்தத் தள்ளிப் போடு."

"தள்ளுனா வெயிலுடா. நாலே நாலு கட்டை. செத்த நேரந்தான்."

அவன் ஒரு கணம் யோசித்தான். தூர்க்கட்டையைத் தள்ளிவைத்த மாதிரி என்னையும் தள்ளிவைத்திருக்கலாம். என் முகத்தில் வேர்வை ஊற்றியதைப் பார்த்து இரக்கப்பட்டுவிட்டான் போல. சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான்.

முதல் கட்டை பிளந்தது. இரண்டாவது கட்டையில் சத்தம் மாறியது. இறுக்கமாக இருக்கிற கோடாலி கட்டையில் விழுந்தால் ஒரே சத்தம்தான் வரும். அது விழுந்த சத்தத்துக்குப் பின்னாலேயே இன்னொரு சின்னச் சத்தம் வந்தது, 'டிக்' என்று. இரும்பு காம்பின்மேல் அசைகிற சத்தம். எனக்கு நன்றாகக் கேட்டது. தூக்கிப் பார்த்தேன். இரும்புக்கும் காம்புக்கும் நடுவே மெல்லிய கோடு தெரிந்தது. ராத்திரி ஊறியதெல்லாம் அந்த வெயிலில் எப்போதோ காய்ந்திருந்தது. ஆசாரி சொன்னதும் ஞாபகம் வந்தது. வராமல் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோடாலியை நிமிர்த்திப் பிடித்துக் காம்பின் அடியை அடிக்கட்டையில் இரண்டு தட்டுத் தட்டினேன். இரும்பு கீழே இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூன்றாவது கட்டையைப் போட்டேன். பிளந்தது. மறுபடியும் அந்தச் சத்தம்.

இன்னும் ஒரே ஒரு கட்டை. கோடாலியைக் கீழே வைத்திருந்தால் அந்தக் கல்யாணம் நின்றிருக்காது. கருப்பையாவின் கோடாலியை வாங்கி அடித்திருக்கலாம். அந்த ஒரு கட்டையை அப்படியே முழுசாக ஏற்றிவிட்டிருக்கலாம், மண்டபத்தில் இருக்கிறவர்கள் பிளந்துகொள்வார்கள். இப்போது உட்கார்ந்து யோசித்தால் பத்து வழி தோன்றுகிறது. அப்போது டெம்போக்காரர் வந்து நின்றார்.

"ஆச்சுங்களா?"

"ஆச்சு ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே ஓங்கினேன்.

பாதி இறங்கும்போது கை லேசாகிவிட்டது. அந்த லேசு இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. சோற்றுத் தட்டைத் தூக்கும்போதுகூடச் சில நேரம் வரும். வெறும் காம்பு கட்டையில் மோதியது. கருப்பையா அடுத்த கட்டையை நிறுத்துவதற்காகக் குனிந்திருந்தான். இரும்பு அவன் இடது முழங்காலில் போய் விழுந்தது. அவன் அப்படியே உட்கார்ந்தான். பிறகு காலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

ஏற்றிய விறகைச் சரித்துத் தள்ளிவிட்டு அதே டெம்போவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவசரப்படுத்திய அந்த ஒட்டன்சத்திரத்துக்காரர்தான் கருப்பையாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு "ஒண்ணும் ஆகாதுங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார். எனக்கு அழுகை வரவில்லை. வெறும் காம்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ ஆஸ்பத்திரி வாசலில் அதை என் கையிலிருந்து பிடுங்கினார்கள்.

மூன்றாம் நாள்தான் அவன் நன்றாகப் பேசினான். பக்கத்தில் அவன் மனைவி பேச்சியம்மாள் நின்றிருந்தாள். அவன் முதலில் கேட்டதே இதுதான்.

"மாப்ள, முன்னாடி சத்தம் ஏதும் கேட்டுச்சாடா?"

"இல்லடா" என்றேன். "திடீர்னு கழண்டுக்கிச்சு."

அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தானாக வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்ப நாந்தான். மொத நாளு சாயங்காலம் பைப்புல தண்ணி வரல. தொட்டியில அரைத்தண்ணிதான் கெடந்துச்சு. ஒன் கோடாலி மேலாக்க இருந்துச்சு, கழுத்து நனையல. பாத்தேன் மாப்ள. பாத்துட்டு, போதும்னு விட்டுட்டுப் போயிட்டேன். ஒனக்குத்தான் கெட்ட பேரு. மன்னிச்சுக்க."

பேச்சியம்மாள் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். "ஒங்க கால நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே. நெறைய ஊத்தி வைக்க ஒங்களுக்கு என்ன கேடு?" என்று அழுதாள். பிறகு என்னிடம் திரும்பி, "அண்ணே, நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். நான் அங்கே நின்றேன். அவள் கொண்டுவந்திருந்த இட்லியில் எனக்கும் இரண்டு வைத்தாள், சாப்பிட்டேன்.

டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். கால் மிஞ்சியது. முழங்கால் அதன்பிறகு மடங்கவே இல்லை. கோடாலி இறங்கும்போது நீயும் இறங்கவேண்டும் என்று எனக்குச் சொன்னவனால் இனி குந்தி உட்காரக்கூட முடியாது.

முதலாளி கெட்டவர் இல்லை, அவனை அப்படியே விட்டுவிடவில்லை. வாசலைப் பார்த்துக்கொள்ளவும் சாமான்களைக் கவனித்துக்கொள்ளவும் வைத்துக்கொண்டார். பேச்சியம்மாள் விறகு அடுக்கும் வேலைக்கு வந்தாள். கருப்பையா தானாகவே தொட்டியை எடுத்துக்கொண்டான். யாரும் கேட்கவில்லை. மற்றவர்களைப் போட விடமாட்டான். சாயங்காலம் ஒவ்வொரு கோடாலியாக வாங்கி, கழுத்து முங்குகிறதா என்று பார்த்து, மேலே மிதந்து வராமல் கல்லை வைத்து அழுத்துவான். பைப்பில் தண்ணீர் வராத நாளில் தெருக்கோடிவரை போய்க் குடத்தில் கொண்டுவருவான். அந்தக் காலை வட்டம் போட்டு வீசிவீசி வைத்து, ஒவ்வொரு எட்டுக்கும் தண்ணீர் தளும்பித் தோளில் வழிய, அவன் வருவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்பது வருஷம் பார்த்தேன்.

நான் மட்டும் ஆசாரி சொன்னபடி செய்தேன். இதைச் சொல்லத்தான் அதிக வெட்கமாக இருக்கிறது. காய்ந்த உசிலை மரக் காம்பாகப் போட்டு, புங்கெண்ணெய் தடவி, என் கோடாலியை வீட்டுக்கு எடுத்துப்போய் நிழலில் தொங்கவிட்டேன். அது ஒருநாளும் ஆடியதில்லை. மற்றவர்களுடையது தொட்டியில் கிடந்தது. என் கோடாலியைத் தராமல் நான் வீட்டுக்குக் கொண்டுபோவதைக் கருப்பையா கவனித்தான். பேச்சியம்மாளிடம் சொல்லியிருக்கிறான், அவள் என்னிடம் சொன்னாள்.

"மாப்ளைக்கு எம் மேல நம்பிக்கை இல்ல, அது நியாயந்தான்னு சொல்றாருண்ணே. நீங்க ஒரு நாளாச்சும் அவருகிட்ட குடுத்துட்டுப் போங்கண்ணே. மனசு ஆறும்."

மறுநாள் கொடுத்தேன். அவன் அதை வாங்கிய விதத்தை எழுத எனக்கு வரவில்லை. ஒரு ராத்திரி தண்ணீரில் கிடந்த அந்தக் காம்பை அப்புறம் நான் அடுப்பில் போட்டுவிட்டு வேறு காம்பு போட்டேன்.

ஒருநாள் சொல்லிவிடத்தான் போனேன். அது விபத்து நடந்து நாலு வருஷம் இருக்கும். மத்தியானம் ஒருவருடைய கோடாலி கழன்று காம்பவுண்டுச் சுவரில் போய் மோதியது. யாருக்கும் அடியில்லை. எல்லாரும் தப்பிச்சோம்டா என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். கருப்பையா தொட்டி விளிம்பில் சாய்ந்து நின்று, தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டு அழுதான்.

"நல்லாத்தானே மாப்ள ஊறப்போட்டேன். கல்லு வச்சுத்தானே அமுக்குனேன். இதுக்கு மேல நா என்னதான் செய்ய?"

பக்கத்தில் போய் நின்றேன். "கருப்பையா, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லு மாப்ள."

அவன் முகத்தைப் பார்த்தேன். நான் வாயைத் திறந்தால் இவனுக்குக் காலும் திரும்ப வராது, மாப்ளையும் இருக்கமாட்டான். அப்படி எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவன் பார்வைக்குப் பயந்தேன், அவ்வளவுதான்.

"தொட்டி எங்கிட்டோ ஒழுகுது போலடா. தண்ணி எறங்கிருது. பாரு" என்றேன்.

தொட்டி ஒழுகவில்லை. அவன் அதை நம்பினான். மூன்று நாள், மடங்காத காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அந்தத் தொட்டியைச் சுற்றிச் சிமெண்ட் பூசினான். இப்போதும் அந்தப் பூச்சு வேறு நிறத்தில் இருக்கும், பாருங்கள். அதன்பிறகு எனக்குச் சொல்லும் வாய்ப்பு எத்தனையோ வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், ஐப்பசி மழையில், அவனுக்கு நெஞ்சில் வலி வந்தது. சித்தையன்கோட்டைக்குப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் கிடந்தான். காலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"நா வர்றவரைக்கும் தொட்டியப் பாத்துக்க மாப்ள. அரைத்தண்ணியா விட்டுறாதீங்க. என்னைய மாதிரி இன்னொருத்தன் ஆயிரக்கூடாது."

"சரிடா" என்றேன்.

அவன் திரும்பி வரவில்லை. அடக்கம் முடிந்து மறுநாள் வேலைக்கு வந்தோம். சாயங்காலம் எல்லாரும் கோடாலிகளைத் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் போட்டுவிட்டு, யார் போடுவது என்று தெரியாமல் நின்றார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் நான் சொல்லியிருந்தால் போதும். கருப்பையா இல்லை, இனி யார் பார்வைக்குப் பயம்? பேச்சியம்மாள் விறகுக்கட்டோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து ஒவ்வொரு கோடாலியாக எடுத்துத் தண்ணீரில் போட்டேன். கல்லையும் வைத்தேன். வேலையை விட்டுப்போகும்வரை தினமும் போட்டேன். செத்துப்போனவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எல்லாரும் என்னை மெச்சினார்கள்.

போன வாரத்துக்கு வருகிறேன். மேஸ்திரி கூப்பிட்டு உள்ளே வந்தபோது தொட்டியில் ஏழு கோடாலிகள் கிடந்தன. உங்களில் ஒருவர் ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பெயர் கேட்கவில்லை, நெற்றியில் தழும்பு இருந்தது. தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் விட்டுக்கொண்டிருந்தார். எதற்குத் தம்பி இவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன்.

"முன்ன இங்க கருப்பையான்னு ஒருத்தரு இருந்தாராம்ங்கய்யா. ஒருநாளு கோடாலிய சரியா ஊறப்போடாம விட்டுட்டாராம். மறுநாளு கழண்டு அவரு காலே போச்சாம். அதுனால நாங்க ஒருநாளும் கொறையா விடுறதில்லைங்க."

அங்கே விறகு அடுக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் திரும்பிப் பார்த்தாள். உங்களுக்கு அவளைப் பேச்சியக்கா என்று தெரிந்திருக்கும். "ஆமாண்ணே, நாந்தான் இவங்களுக்கெல்லாம் சொல்லிவச்சிருக்கேன். அவரு பண்ணுன தப்ப இதுங்களும் பண்ணிறக்கூடாதுல்ல" என்றாள். நான் மேஸ்திரியிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டேன்.

தம்பிமார்களே, தொட்டித் தண்ணீரை இன்றைக்கே வெளியே திறந்துவிடுங்கள். அந்த ஏழு காம்பும் உள்ளுக்குள் நசுங்கியிருக்கும், ஒன்றையும் நம்பாதீர்கள். புதுக் காம்பு போட்டு, எண்ணெய் தடவி, நிழலில் தொங்கவிடுங்கள். இரண்டாவது சத்தம் கேட்டால், வாசலில் யார் காத்து நின்றாலும், கோடாலியைக் கீழே வையுங்கள்.

கருப்பையா எந்தத் தப்பும் செய்யவில்லை. அவன் என் கோடாலியைக் கழுத்துவரை முக்கியிருந்தாலும் அன்றைக்கு அது கழன்றுதான் இருக்கும். கழலப் போகிறது என்று எனக்குத் தெரியும். சத்தம் எனக்குக் கேட்டது, இரண்டு தடவை.

பேச்சியம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. இந்தக் காகிதத்தை நீங்கள்தான் அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டும், என்னால் முடியாது என்பது உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது படியுங்கள். வேப்பமரத்தடியில் மட்டும் வேண்டாம்.